இன்மையும் வாய்மையும்: ஆய்வுகூடப் பணியின் அறம் பற்றிய ஒரு நோக்கு

அறவியல் நூல்கள் பொய்யைப் பற்றிப் பேசும்போது, இருப்பதை மறைப்பவரையும் இல்லாததைக் கற்பிப்பவரையுமே பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றன. இவ்விருவருக்கும் உண்மை தெரியும். தெரிந்திருந்தும் மாற்றிச் சொல்கின்றனர். மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவருக்கு உண்மை தெரியாது, தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடாமலே "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடுகின்றார். அவர் எழுதியது தற்செயலாக உண்மையாகவும் அமைந்துவிடலாம். அவ்வாறாயின் அவரைப் பொய்யர் எனலாமா? அவர் இழைத்த குற்றம் யாது? அக்குற்றத்துக்கு அவர் மட்டுந்தான் பொறுப்பா? மருத்துவ ஆய்வுகூடமொன்றில் புதிதாகப் பணியேற்ற இளநிலைத் தொழில்நுட்பவியலாளரின் தொழிலை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீடத்து மாணவர் ஒருவருக்கு ஆய்வுகூடத்தில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். தேடாமற் சொல்லப்படும் "இல்லை" எல்லாத் தொழில்களிலும் காணப்படுவதே. ஆயினும் ஏனைய இடங்களில் அது பிற காரணங்களுக்குள் மறைந்து கிடக்கின்றது. ஆய்வுகூடத்திலோ தேடுதலே தொழில். தேடியதன் முடிவு ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு சொல்லாகவோ ஓர் எண்ணாகவோ வெளிவருகின்றது. அதனை நம்பி ஒருவருக்கு மருந்து கொடுக்கப்படுகின்றது; அல்லது கொடுக்கப்படாமல் விடப்படுகின்றது. சொல்லுக்கும் உயிருக்கும் இடையிலுள்ள தூரம் இத்துணை குறுகிய களம் வேறு அதிகமில்லை. ஆதலால் இவ்வினாவை அதன் இயல்பான வடிவில் காண்பதற்கு ஆய்வுகூடமே ஏற்ற இடமாகின்றது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றது: நோயுற்றவர், அதனைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கையாள்பவர் என்பன அவை. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறியும் பொறுப்பு அங்கு மருத்துவருக்கே உரியதாகின்றது. நாடி பிடித்தும் நாவையும் கண்ணையும் நோக்கியும் நோயறிந்த காலத்தில், அறிபவரும் தீர்ப்பவரும் ஒருவராகவே இருந்தனர். 1880 இல் அல்ஜீரியாவில் மலேரியா நோயாளரின் குருதியில் அந்நோயின் ஒட்டுண்ணியை முதன்முதலிற் கண்ட அல்போன்ஸ் லவரானும் மருத்துவரே. 1897 இல் செக்கந்தராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்ட ரொனால்ட் றொஸ்ஸும் மருத்துவரே. இன்று மருத்துவர் கேட்கின்றார். வேறொருவர் பார்த்துச் சொல்கின்றார். பழைய நான்கு உறுப்புகளோடு ஐந்தாவதாக வந்து சேர்ந்த இவர் நோயாளரைக் காண்பதில்லை. நோயாளரும் இவரைக் காண்பதில்லை. வைத்தியருக்கு நன்றி சொல்லிச் செல்பவர்கள் உளர். தாதியரை நினைவிற் கொள்பவர்களும் உளர். தம் குருதியை நோக்கியவர் யார் என்று விசாரிப்பவர் எவருமிலர்.

இவ்வைந்தாமவர் வரிசையிலும் கடைசிப் படியில் நிற்பவர் புதிதாகப் பணியேற்ற இளையவர். காலையில் வந்து குவியும் குழாய்களின் பெயர்ச்சீட்டுகளை விண்ணப்பப் படிவங்களோடு ஒப்பிடுதல், குருதியை மையநீக்கியில் இட்டு நீர்ப்பாயத்தைப் பிரித்தெடுத்தல், அளவறிந்த கட்டுப்பாட்டு மாதிரிகளைக் கொண்டு கருவிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா எனச் சோதித்தல், வழுக்கிகளுக்குச் சாயமூட்டுதல், சிறுநீரின் படிவை நுணுக்குக்காட்டியில் நோக்குதல் என்பன இவருடைய நாளாந்த வேலைகள். இவற்றுள் எதுவும் புகழ் தருவதன்று. ஒரே செயலை ஒரே முறையில் ஒரு நாளில் ஐம்பது தடவை செய்வதே இவருக்கு விதிக்கப்பட்டது. ஐம்பதாவது தடவையும் முதலாவதைப் போலவே செய்யப்படல் வேண்டும். ஏனெனில் ஐம்பதாவது குழாய்க்குரியவருக்கு அது முதலாவது பரிசோதனையாக இருக்கலாம்.

இப்பணிகளுள் மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையை மட்டும் எடுத்து நோக்குவோம். விரல் நுனியிலிருந்து பெற்ற குருதியைக் கண்ணாடி வழுக்கியில் தடித்த பூச்சாக இட்டு, உலரவிட்டு, கீம்சாச் சாயமூட்டி, எண்ணெய் அமிழ்ப்பு வில்லையின் கீழ் ஏறத்தாழ 1,000 மடங்கு பெருப்பித்துப் பார்க்கின்றனர். ஒரு தடவையிற் கண்ணுக்குப் புலப்படுவது ஒரு சிறு வட்டமே. அதனைப் பார்வைப் புலம் என்பர். ஒட்டுண்ணி தென்பட்டால் விடை கிடைத்துவிடுகின்றது. தென்படாவிடின் அடுத்த புலத்துக்கு நகர வேண்டும். பின்னர் அதற்கடுத்த புலத்துக்கு. குறைந்தது 100 புலங்களை நோக்கிய பின்னரே "ஒட்டுண்ணி காணப்படவில்லை" என எழுதலாம் என்பது நியமம்.

ஈண்டு ஒரு சமனின்மை கவனிக்கத்தக்கது. "உண்டு" என்று சொல்வதற்கு ஒரு புலமே போதுமானதாகலாம். "இல்லை" என்று சொல்வதற்கு நூறு புலங்கள் வேண்டும். "உண்டு" என்பவர் தாம் கண்டதைப் பிறருக்குக் காட்ட முடியும். "இல்லை" என்பவரிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நூறு புலங்களைப் பார்த்தவரின் அறிக்கையிலும் பத்துப் புலங்களைப் பார்த்தவரின் அறிக்கையிலும் காணப்படுவது ஒரே வாசகம். முன்னவருடைய உழைப்பு அறிக்கையில் தெரிவதில்லை. பின்னவருடைய சோம்பலும் தெரிவதில்லை. அதுமட்டுமன்று. காய்ச்சலோடு வருபவர்களிற் பெரும்பாலோருக்கு மலேரியா இராத ஒரு நாட்டில், பத்துப் புலங்களைப் பார்த்தவர் எழுதியதும் பெரும்பாலும் சரியாகவே அமையும். பிடிபடாத ஒரு குற்றத்தை, தீங்கு விளைக்காத ஒரு குற்றமாகவும் எண்ணிக்கொள்வதற்கு இங்கு எல்லா வசதியும் உண்டு.

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரமொன்றைப் பற்றிய கதை சொல்லப்படுகின்றது. அதனைக் கண்டெடுத்த ஆயன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கவர்கின்றான். பிறர் கண்ணுக்குத் தென்படாத நிலையிலும் ஒருவன் நீதியாக நடப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. தத்துவ வகுப்பில் இது கற்பனையான எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆனால் நுணுக்குக்காட்டியின் முன் தனியே அமர்ந்திருக்கும் பணியாளரின் விரலில் அம்மோதிரம் நாள்தோறும் இருக்கின்றது. அவர் எத்தனை புலங்களைப் பார்த்தார் என்பதை அருகில் அமர்ந்திருப்பவராலும் அறிய முடியாது. கதையிலுள்ள ஆயனுக்கு ஓர் அரசு கிடைத்தது. இவருக்குக் கிடைக்கக்கூடியதோ ஐந்து நிமிட நேரம். அநீதி பேராசையிலிருந்தே பிறக்கின்றது என்னும் நம் பொதுக் கருத்தை இவ்வேறுபாடு ஐயத்துக்குள்ளாக்குகின்றது. களைப்பும் அலுப்பும் போதும், அநீதி பிறப்பதற்கு.

இனி, "இல்லை" என்பதை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்னும் அடிப்படை வினாவுக்கு வருவோம். இது இந்திய மெய்யியலாளர் நுணுகி ஆராய்ந்த வினாவாகும். தமிழுக்கும் இது புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் கூறப்படும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. சிவஞானசித்தியாரின் அளவை இலக்கணத்திலும் அது எண்ணப்பட்டுள்ளது. குமாரிலபட்டர் வழிவந்த மீமாம்சகரும் அத்வைத வேதாந்திகளும் அதனை அநுபலப்தி என்னும் பெயரால் தனியோர் அளவையாகக் கொண்டனர். தரையில் குடம் இல்லை என்பதை எதனால் அறிந்தோம்? குடத்தைக் காணாமையால் அறிந்தோம். ஆனால் காணாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகிவிடுமா? இருட்டறையில் நின்று குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்லலாகாது. ஆதலின் அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர். அப்பொருள் அங்கு இருந்திருந்தால் கட்டாயம் கண்டிருப்போம் என்னும் நிலையில் ஏற்படும் காணாமையே சான்றாகும். இதனையே தகுதியுள்ள காணாமை, அதாவது யோக்கிய அநுபலப்தி என்றனர்.

இத்தகுதி எங்கிருந்து வருகின்றது? குடத்தைப் பொறுத்தவரையில் அது எளிது; விளக்கை ஏற்றிக் கண்ணைத் திறந்தாற் போதும். குருதித் துளியைப் பொறுத்தவரையில் அத்தகுதி தானாக வந்தமைவதன்று; ஒருவரால் படிப்படியாக உண்டாக்கப்படுவது. சாயம் உரிய செறிவில் கலக்கப்பட்டிருக்க வேண்டும். வழுக்கி தூய்மையாக இருத்தல் வேண்டும். வில்லை துடைக்கப்பட்டிருக்க வேண்டும். கண் பழகியிருத்தல் வேண்டும். நூறு புலங்களும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அறை இருண்டுவிடுகின்றது. ஆகவே அளவையியலார் அறிவின் நிபந்தனையாகக் கூறியது ஆய்வுகூடத்தில் உழைப்பின் நிபந்தனையாகவும், அதன் வழியே ஒழுக்கத்தின் நிபந்தனையாகவும் மாறுகின்றது. "இல்லை" என்று சொல்லும் உரிமை பட்டத்தாலோ பதவியாலோ கிடைப்பதன்று. ஒவ்வொரு வழுக்கிக்கும் அது புதிதாக ஈட்டப்படல் வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தேடாமல் எழுதப்பட்ட "இல்லை" தற்செயலாக உண்மையாயினும் அது குற்றமே. ஆங்கிலக் கணிதவியலாளரும் தத்துவவாதியுமான கிளிபேர்ட் 1877 இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்னும் கட்டுரையில், பழுதான கப்பலைப் பற்றித் தமக்கெழுந்த ஐயங்களை அடக்கிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பிய கப்பற் சொந்தக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டினார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி என்பதை எவரும் ஏற்பர். கப்பல் நலமே கரை சேர்ந்திருந்தாலும் அவர் அதேயளவு குற்றவாளியே என்றார் கிளிபேர்ட். பிடிபடவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. தமக்கு உரிமையில்லாத நம்பிக்கையை அவர் கொண்டிருந்தார் என்பதே அவர் கூறிய காரணம். நம் பணியாளரின் நிலை இதனினும் ஒரு படி கடுமையானது. கப்பற் சொந்தக்காரர் தம்மை ஏமாற்றிக்கொண்டார். பணியாளரோ, தாம் கொண்டிராத ஓர் அறிவைக் கொண்டிருப்பதாகப் பிறருக்குச் சான்று வழங்குகின்றார். குருதியைப் பற்றி அவர் கூறியது பொய்யாகாமற் போகலாம். தம்மைப் பற்றி அவர் கூறியது பொய்யே. "காணப்படவில்லை" என்னும் சொல்லுக்குள் "பார்த்தேன்" என்னும் சொல் அடங்கியிருக்கின்றது.

இது வெறும் தருக்க நுணுக்கமன்று என்பதற்கு இந்நாட்டின் மலேரியா வரலாறே சான்று. 1934–35 ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிப்புத் தொடங்கிய பின்னர் நோய் வேகமாகக் குறைந்து, 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் நிலவியது. தெளிப்பு நிறுத்தப்பட்டது; காய்ச்சல் கண்டவர்களைத் தேடிக் குருதி எடுத்துப் பார்க்கும் கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 இன் பின்னர் நோய் மீண்டும் மூண்டெழுந்து, 1969 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. இதற்குக் காலநிலை, மக்கள் இடப்பெயர்வு முதலிய பல காரணங்கள் உண்டு. ஆயினும் அவற்றுள் ஒன்று நம் ஆய்வுக்கு நேரடியாக உரியது. ஒரு நாடு முழுவதும் "இல்லை" என்று நம்பிய வேளையில், தேடும் கண்கள் குறைந்துவிட்டன. 17 என்பது மெய்யான எண்ணாகவே இருக்கலாம். அதனை மெய்யாக வைத்திருக்கும் உழைப்பு நின்றபோது அது பழங்கதையாகிவிட்டது.

அதன்பின் மீண்டும் நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று. போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் குருதிப் பூச்சுகள் எடுக்கப்பட்டன, பார்க்கப்பட்டன. இந்நாட்டிலேயே தொற்றிய நோயாளர் இறுதியாக 2012 ஒக்ரோபரிற் பதிவாயினர். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. அச்சான்றிதழைப் பெறுவதற்கு, குறைந்தது மூன்று தொடர்ச்சியான ஆண்டுகளில் உள்நாட்டுத் தொற்று எதுவும் இல்லை என்பது நிறுவப்படல் வேண்டும். அவ்வாண்டுகளில் எடுக்கப்பட்ட இலட்சக்கணக்கான குருதிப் பூச்சுகளை நோக்கியவர் பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள். நாட்டின் அப்பெரிய "இல்லை", பெயர் அறியப்படாத பலர் தனித்தனியே எழுதிய சிறிய "இல்லை"களின் கூட்டுத்தொகையே. அவற்றுட் பாதி பார்க்காமல் எழுதப்பட்டிருந்தால் சான்றிதழ் அதே தாளில் அதே எழுத்துக்களில் கிடைத்திருக்கும். நாம் மட்டும் 1963 ஆம் ஆண்டின் மயக்கத்தில் மீண்டும் நின்றிருப்போம்.

வேலை அத்துடன் முடிந்துவிடவுமில்லை. நோய் பரவும் நாடுகளிலிருந்து திரும்புவோரிடம் ஒட்டுண்ணி இன்றும் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றது. நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரிற் காணப்பட்டமை 2017 இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்று பணியேற்கும் இளைய தொழில்நுட்பவியலாளர், பெரும்பாலும் இல்லாத ஒன்றைத் தேடுவதற்கே அமர்த்தப்படுகின்றார். மாதக்கணக்கில் ஒட்டுண்ணி ஒன்றையும் காணாமல், அடுத்த வழுக்கியில் அது இருக்கக்கூடும் என்ற கவனத்தோடு பார்த்தல் வேண்டும். பயனைக் கண்ணாற் காணும் உழவருக்கும் கொத்தனாருக்கும் கிடைக்கும் நிறைவு இவருக்கு இல்லை. இவர் உழைப்பின் சிறந்த விளைவு, ஒன்றும் நிகழாமையே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பணியாளரின் மனச்சாட்சியை நம்பியிருப்பானேன்? மேற்பார்வையைக் கூட்டலாம், எழுமாறாகத் தெரிந்தெடுத்த வழுக்கிகளை இன்னொருவரைக் கொண்டு மீளப் பார்ப்பிக்கலாம், இறுதியில் இயந்திரத்திடமே ஒப்படைக்கலாம் எனச் சிலர் கூறுவர். மீள்பார்வை தேவையானதே, அது நடைமுறையிலும் உள்ளது. ஆனால் அது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. ஒரு படி தள்ளி வைக்கின்றது. மீளப் பார்ப்பவரும் ஒரு மனிதர். அவரும் தனியே அமர்ந்தே பார்க்கின்றார். இயந்திரத்தின் நிலையும் அதுவே. தன்னியக்கப் பகுப்பாய்வி தனக்குக் கிடைத்த குழாயிலுள்ளதை அளக்குமேயன்றி, குழாய் உரியவருடையதா, குருதி நேரகாலத்தோடு வந்து சேர்ந்ததா என்பவற்றை எல்லா வேளைகளிலும் அறியாது. செங்குழியங்கள் சிதைந்த குருதியில் பொற்றாசியத்தின் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பிரித்தெடுக்காது நெடுநேரம் வைத்திருந்த குருதியில் சீனியின் அளவு தாழ்ந்து காட்டும். கருவி அவ்வெண்ணைத் தசமதானத்தோடு துல்லியமாகவே அச்சிட்டுத் தரும். துல்லியமான எண் வேறு, மெய்யான எண் வேறு என்பதை உணர்ந்து குழாயைக் கையிலெடுத்து நோக்குபவர் ஒருவர் எங்கேனும் இருந்தே ஆகவேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. அதிகாரமும் ஊதியமும் மிகக் குறைந்த ஒருவர் தலையில் இத்துணை பெரிய அறப்பொறுப்பைச் சுமத்துவது நியாயமா? சமூகத்தின் குறைபாடுகளைத் தொழிலாளரின் தனிமனித ஒழுக்கக் குறைபாடாகக் காட்டுவது ஆளும் தரப்பினர் கையாளும் பழைய உபாயமன்றோ? இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஐக்கிய அமெரிக்காவில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பூச்சு வழுக்கிகள் பற்றிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1987 இல் 'வோல் ஸ்ட்றீட் ஜேர்னல்' பத்திரிகை அங்குள்ள சில ஆய்வுகூடங்களின் நிலையை வெளிக்கொணர்ந்தது. வழுக்கியொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற பணியாளர்கள், பார்க்கக்கூடிய அளவுக்குப் பன்மடங்கான வழுக்கிகளை ஒரே நாளிற் பார்த்துத் தள்ளினர். புற்றுநோய்க் கலங்கள் கண்ணிற்படாமற் போயின; நலமாயிருப்பதாக நம்பி வீடு சென்ற பெண்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டிலேயே, 1988 இல், ஆய்வுகூடங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் திருத்தப்பட்டது. அதன்வழி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 வழுக்கிகளுக்கு மேற் பார்க்கலாகாது என்ற எல்லை விதிக்கப்பட்டது.

அங்கு நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். "இல்லை" என்று சொல்வதற்கான தகுதி நேரத்தால் ஆனது. நேரத்தைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிய நிறுவனம், அத்தகுதியை அழித்துவிட்டு அதன் சொல்லை மட்டும் விற்பனை செய்தது. உழைப்பவர் தம் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் 1844 இல் எழுதினார். ஆய்வுகூடத்தில் அந்நியமாதல் உழைப்பவரோடு நின்றுவிடுவதில்லை. முகமறியாத நோயாளரின் உடலில் அது சென்று முடிகின்றது. ஆகவே நூறு புலங்களைப் பார்க்கும்படி கட்டளையிட்டு, அதற்குரிய நேரத்தையும் ஆளணியையும் மறுக்கும் எந்த நிறுவனமும், தன் பணியாளர் எழுதும் ஒவ்வொரு பொய்யிலும் கூட்டுப் பொறுப்பாளியாகும்.

எனினும் கூட்டுப் பொறுப்பு என்பது தனிப்பொறுப்பை இல்லாமற் செய்துவிடுவதில்லை. நிலைமைகள் மோசமானவை என்பது பொய்யான அறிக்கை எழுதப்பட்டதற்கு விளக்கமாகலாம். அதனை மெய்யான அறிக்கையாக ஆக்கிவிடாது. காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு, தம் குருதி பார்க்கப்படாததன் காரணம் சோம்பலா சுரண்டலா என்பது சிகிச்சையாகப் போவதில்லை. அவ்வாறாயின், ஒருபுறம் நேரமின்மையும் மறுபுறம் மனச்சாட்சியும் நெருக்க, கடைசிப் படியில் நிற்பவர் செய்யக்கூடியது யாது?

அவருக்கு மூன்றாவது சொல் ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது. "உண்டு", "இல்லை" என்னும் இரண்டுக்கும் அப்பால் "சொல்ல இயலாது" என்னும் விடை இருக்கின்றது. ஆய்வுகூட நடைமுறையும் அதற்கு இடம் வைத்துள்ளது: மாதிரி போதாது, குருதி சிதைந்துள்ளது, பெயர்ச்சீட்டுப் பொருந்தவில்லை, மறு மாதிரி அனுப்புக என்பன அதன் வடிவங்கள். தாளில் எளிதாயிருக்கும் இச்சொல் வாயில் எளிதாக வருவதில்லை. குருதி எடுத்த தாதி சலிப்படைவார். விடுதி வைத்தியர் தொலைபேசியிற் சினப்பார். நோயாளரை மீண்டும் ஊசியாற் குத்த நேரும். புதியவருக்கு வேலை தெரியாது என்ற பெயரும் வந்து சேரும். "இல்லை" என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார். "தெரியவில்லை" என்று எழுதினால் எல்லோரும் கேட்பர். அறியாமையை ஒப்புக்கொள்பவரைத் தண்டித்து, அறிந்ததாக நடிப்பவரை அமைதியாக விட்டுவிடும் இடத்தில் பொய் வளர்வதற்கு வேறு உரம் தேவையில்லை.

இச்சொல்லின் விலை எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்வொன்றைச் சுட்டலாம். ஐக்கிய அமெரிக்காவில் 2003 இல் தொடங்கப்பட்ட தெரனோஸ் என்னும் நிறுவனம், விரல் நுனியிலிருந்து பெறும் சில துளிக் குருதியைக் கொண்டு பலவகைப் பரிசோதனைகளைச் செய்வதாகக் கூறிப் பெரும்புகழ் ஈட்டியது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்டு 2013 இல் அதன் ஆய்வுகூடத்தில் கீழ்நிலைப் பணியில் அமர்ந்த எரிக்கா செங் என்பவர், கட்டுப்பாட்டு மாதிரிகளின் அளவீடுகள் பொருந்தாதபோது, பொருந்தாதவை நீக்கப்பட்டு முடிவு சரியாக்கப்படுவதைக் கண்டார். உள்ளே முறையிட்டுப் பயனின்றி 2014 இல் பதவி விலகினார்; 2015 இல் அரசின் மேற்பார்வை நிறுவனத்துக்கு எழுதினார். 2016 இல் தெரனோஸ் தன் பரிசோதனைப் பெறுபேறுகள் பெருமளவானவற்றைச் செல்லாதவை எனத் திரும்பப் பெற நேர்ந்தது. 2018 இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன் நிறுவுநர் 2022 இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். நோயாளரை ஏமாற்றியதாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிலோ அவர் குற்றவாளியாகக் காணப்படவில்லை. பணத்தைப் பற்றிய பொய்யை நிறுவுதல் நீதிமன்றுக்கு எளிதாயிற்று. குருதியைப் பற்றிய பொய்யை நிறுவுதல் அத்துணை எளிதாகவில்லை. சட்டம் எட்டாத அவ்விடத்தில், அங்கு கடைசிப் படியில் நின்ற ஒருவரின் சொல்லே காவலாக அமைந்தது.

ஆயினும் ஒவ்வோர் இளைய பணியாளரும் இத்தகைய துணிவைக் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. வீரத்தை நாளாந்தத் தேவையாக்கிய அமைப்பு நல்ல அமைப்பாகாது. நல்ல ஆய்வுகூடம் என்பது, சாதாரண மனிதர் சாதாரணத் துணிவோடு "சொல்ல இயலாது" என்று எழுதக்கூடிய ஆய்வுகூடமே. அச்சொல்லை எழுதிய புதியவரை மூத்தவர் "ஏன் எழுதினாய்?" என்று அதட்டாமல், "எதைக் கண்டாய்?" என்று கேட்பாராயின் பாதிப் பணி முடிந்துவிடும். எஞ்சிய பாதி, நேரத்தையும் ஆளணியையும் வழங்கவேண்டிய நிர்வாகத்துக்கும் அரசுக்கும் உரியது. தனிமனிதரின் வாய்மையும் அதனைத் தாங்கும் சூழலும் ஒன்றுக்கொன்று பதிலீடுகளல்ல. சூழல் கெட்ட இடத்தில் வாய்மை தியாகமாக மாறுகின்றது. வாய்மை கெட்ட இடத்தில் நல்ல சூழலும் வெறும் தளபாடமாகின்றது.

இவ்வறம் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இறுதியாகச் சுட்டல் தகும். ஏடுகளைப் புரட்டாமலே "இதற்குச் சான்று இல்லை" என்று எழுதும் ஆராய்ச்சி மாணவரும், களத்துக்குச் செல்லாமலே "அங்கு வறுமை இல்லை" என்று அறிக்கையிடும் உத்தியோகத்தரும் பத்துப் புலங்களைப் பார்த்தவரின் இனத்தவரே. தம் பிள்ளைகளைத் தேடி ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பெற்றோர் வாழும் இந்நாட்டில், தேடப்படாமற் சொல்லப்படும் "இல்லை" எத்துணை கொடியது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் "இல்லை" என்று நம்மிடம் சொல்லும்போது அவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமையுள்ள வினா ஒன்று உண்டு: இருந்திருந்தால் கண்டிருப்பீரா? அவ்வினாவுக்கு "ஆம்" என்று கூசாமல் விடையளிக்கக்கூடியவாறு ஒவ்வொரு வழுக்கியையும் நோக்கும் இளைய பணியாளர், மெய்யியலாளர் நூல்களில் ஆராய்ந்த அளவையைத் தம் தொழிலாகவே ஆக்கிக்கொண்டவராவார். அவர் அவ்வாறு நோக்குவதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பது அவரை நம்பியிருக்கும் நம் எல்லோருடைய கடனாகும்.